நிரலுக்கு நிரூபணம் கேட்டவர்

1957ஆம் ஆண்டு. நெதர்லாந்து நாட்டின் ஆம்ஸ்டர்டாம் நகரில் ஓர் இளைஞர் தம் திருமணத்தைப் பதிவுசெய்ய முற்பட்டார். மணமகன் தம் தொழிலைக் குறிப்பிட வேண்டும் என்பது அந்நாட்டு விதி. தாம் ஒரு நிரலாளர் என்றார் அவர். அப்படியொரு தொழிலே இல்லை என்று கூறி நகராட்சி அலுவலர்கள் அதனை ஏற்க மறுத்தனர். முடிவில், அவர் பல்கலைக்கழகத்தில் பயின்ற பாடத்தை ஒட்டிக் கோட்பாட்டு இயற்பியலாளர் என்று பதிவேட்டில் எழுதப்பட்டது. அந்த இளைஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா. அப்போது அவர் ஐந்தாண்டுகளாக நிரல் எழுதியே ஊதியம் பெற்றுவந்தார்.

அலுவலர்களைக் குறைகூற முடியாது. அன்று கணினி என்பது ஓர் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் இயந்திரம். அதனை உருவாக்கிய பொறியாளர்களுக்கு மதிப்பு இருந்தது. அதற்கு வேண்டிய கட்டளைகளை வரிசையாக எழுதித் தந்தவர்களை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்றோ தொடர்வண்டி முன்பதிவும் வங்கிக் கணக்கும் மருத்துவமனைக் கருவியும் விமானமும் நிரல்களை நம்பியே இயங்குகின்றன. பல லட்சம் வரிகள் கொண்ட ஒரு நிரலில் ஒரு வரி தவறினாலும் பணம் போகலாம், உயிரும் போகலாம். அத்தகைய நிரல் சரியானதுதான் என்பதை எவ்வாறு உறுதிசெய்வது? நிரலாளருக்குப் பதிவேட்டில் இடமே இல்லாத காலத்தில் இக்கேள்வியைக் கேட்கத் தொடங்கிய மிகச் சிலருள் டைக்ஸ்ட்ரா ஒருவர். விடை தேடுவதிலேயே தம் வாழ்நாளையும் கழித்தார்.

இளமையும் கல்வியும்

எட்ஸ்கர் வைபே டைக்ஸ்ட்ரா 1930ஆம் ஆண்டு மே 11ஆம் நாள் ராட்டர்டாம் நகரில் பிறந்தார். தந்தை வேதியியல் ஆசிரியர். நெதர்லாந்து வேதியியல் கழகத்தின் தலைவராகவும் இருந்தவர். தாய் கணிதம் கற்றவர். எந்தப் பணியிலும் அமராதவர். மகனிடம் ஆழப் பதிந்தது தாயின் கணிதமே. முக்கோணவியல் கடினமான பாடமா என்று சிறுவன் ஒருமுறை கேட்டபோது, வாய்பாடுகளை நன்கு கற்றுக்கொள்ள வேண்டும் என்றும், ஒன்றை நிறுவ ஐந்து வரிகளுக்குமேல் தேவைப்பட்டால் தவறான வழியில் செல்வதாக உணர வேண்டும் என்றும் அவர் அறிவுறுத்தினார். சுருக்கமே சரியான வழியின் அடையாளம் என்னும் எண்ணம் மகனுக்குக் கடைசிவரை மாறவில்லை.

1940ஆம் ஆண்டு மே 14ஆம் நாள் செருமானிய விமானங்கள் ராட்டர்டாம் மீது குண்டு வீசின. நகரின் நடுப்பகுதி எரிந்து அழிந்தது. டைக்ஸ்ட்ராவுக்குப் பத்து வயது நிறைந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. போர் முடிந்து பள்ளிப் படிப்பை நிறைவு செய்யும்போது அவர் சட்டம் பயில விரும்பினார். ஐக்கிய நாடுகள் அவையில் தம் நாட்டின் பேராளராகப் பணியாற்ற வேண்டும் என்பது அவர் கனவு. ஆனால் 1948இல் வந்த தேர்வு முடிவில் கணிதத்திலும் அறிவியல் பாடங்களிலும் மிக உயர்ந்த மதிப்பெண்கள் இருந்தன. அறிவியலையே கற்குமாறு பெரியவர்கள் கூறினர். லைடன் பல்கலைக்கழகத்தில் கணிதமும் இயற்பியலும் பயிலச் சேர்ந்தார்.

1951இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணினி நிரலாக்கம் பற்றிய மூன்று வாரப் பயிற்சி நடைபெற இருப்பதைத் தந்தை ஓர் அறிவிப்பில் கண்டார். இயற்பியலாளருக்கு அது பயன்படும் என்று கருதி மகனை அனுப்பினார். இதனை அறிந்த ஆட்ரியான் வான் வைங்கார்டன் என்னும் அறிஞர், ஆம்ஸ்டர்டாம் கணித மையத்தில் தாம் தலைமை வகித்த கணிப்புத் துறையில் டைக்ஸ்ட்ராவுக்குப் பணி அளித்தார். 1952ஆம் ஆண்டு மார்ச் மாதம் நெதர்லாந்தின் முதல் நிரலாளராக அவர் பணியேற்றார்.

மூன்றாண்டுகள் சென்றன. படிப்பு ஒருபுறம், நிரல் ஒருபுறம் என்று இழுபட்டவருக்கு ஐயம் எழுந்தது. உடன் பணியாற்றிய பொறியாளர்களிடம் அவர்கள் தொழில் என்ன என்று கேட்டால் மின்னணுவியலை எடுத்துக்காட்டுவர். நிரலாளரிடம் கேட்டால் எந்த அறிவுத்துறையைக் காட்டுவது? வெறுங்கையோடு நிற்க வேண்டியதுதான். இக்கவலையோடு வான் வைங்கார்டனின் அறைக் கதவைத் தட்டினார். அவர் பொறுமையாகக் கேட்டார். நிரலாக்கம் இன்னும் ஓர் அறிவுத்துறையாக மலரவில்லை என்பதை ஒப்புக்கொண்டார். கணினிகள் நிலைத்து நிற்கப் போகின்றன, இது தொடக்கமே, அந்தத் துறையை மதிப்புடையதாக ஆக்கும் பணிக்கு டைக்ஸ்ட்ராவே ஏன் முன்வரக் கூடாது என்று வினவினார். அறையை விட்டு வெளியே வந்தபோது அந்த இளைஞர் முடிவு செய்துவிட்டார்.

எழுதுகோல் இல்லாத இருபது நிமிடங்கள்

கணித மையத்தின் முதல் கணினிக்கு ஆரா என்று பெயர். தொலைபேசி நிலையங்களில் பயன்பட்ட மின்காந்த விசைகளால் ஆன அந்த இயந்திரம் அடிக்கடி தவறு செய்தது. 1952இல் அதன் தொடக்க விழா நடைபெற்றபோது, ஒழுங்கின்றி அமையும் எண்களின் அட்டவணை ஒன்றை அச்சிடும் பணி அதற்குத் தரப்பட்டது. ஒழுங்கற்ற எண்கள் சரியா தவறா என்று எந்த விருந்தினராலும் சொல்ல முடியாதல்லவா! நகைப்புக்குரிய நிகழ்ச்சிதான். எனினும், விடை சரியா என்று அறிய வழியில்லாத கணக்கால் என்ன பயன் என்ற கேள்வி அதனுள் அடங்கியிருக்கிறது.

பின்வந்த இயந்திரங்கள் மேம்பட்டவை. அவற்றை வடிவமைத்தவர்கள் பிராம் லூப்ஸ்ட்ரா, காரெல் ஸ்கோல்டன் என்னும் நண்பர்கள். அவர்களோடு டைக்ஸ்ட்ராவுக்கு ஓர் உடன்பாடு இருந்தது. இயந்திரம் என்னென்ன செய்யும் என்பது முதலில் எழுத்தில் விளக்கப்படும். அந்த எழுத்தைக் கண்டு அவர்கள் இயந்திரத்தைக் கட்டுவர். அதே எழுத்தைக் கண்டு அவர் நிரல்களை எழுதுவார். ஆகவே இயந்திரம் எழும் முன்பே நிரல் எழுதி முடிந்துவிடும். ஓட்டிப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம் என்ற எண்ணத்துக்கே இடமில்லை. எழுதும்போதே சரியாக எழுதும் பழக்கம் அவருக்கு இவ்வாறு அமைந்தது.

1956இல் ஆர்மாக் என்னும் புதிய கணினியின் தொடக்க விழாவுக்கு, பொதுமக்களுக்கும் புரியும் ஒரு கணக்கு தேவைப்பட்டது. ஒரு நகரிலிருந்து மற்றொரு நகருக்குச் செல்ல மிகக் குறுகிய வழி எது என்பதை டைக்ஸ்ட்ரா தேர்ந்தெடுத்தார். ஒருநாள் மணமகளாகப் போகிறவரோடு கடைவீதியில் அலைந்து களைத்து, காப்பி அருந்த ஓர் உணவகத்தின் திறந்தவெளியில் அமர்ந்தார். அங்கேயே இருபது நிமிடங்களில் தீர்வு கிடைத்தது. கையில் தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. தீர்வு அத்தனை எளிமையாக அமைந்ததற்கு அதுவே காரணம் என்று பிற்காலத்தில் அவர் கருதினார். மனத்தில் கொள்ள முடியாத சிக்கலைத் தாளில்லாதவர் தவிர்த்தே ஆக வேண்டும். விழாவுக்காக நெதர்லாந்தின் 64 நகரங்களைக் கொண்ட வரைபடத்தில் அது செயல்படுத்தப்பட்டது. 1959இல் கட்டுரையாக வெளிவந்தது. இன்றைய வழிகாட்டிச் செயலிகளுக்கும் இணையத் தகவல் பாதைகளுக்கும் அடிப்படையாக உள்ள முறைகளுள் அதுவும் ஒன்று. அவர் பெயரைப் பெரும்பாலோர் அறிவது இதனால்தான். ஆனால் அவர் மனம் வேறொரு சிக்கலில் ஊன்றியிருந்தது.

மறுமுறை காட்டாத பிழை

அடுத்து வரவிருந்த எக்ஸ்1 என்னும் கணினியில் ஒரு புதுமை செய்ய நண்பர்கள் விரும்பினர். அதுவரை அச்சுப்பொறி ஒரு வரியை அச்சிட்டு முடிக்கும்வரை கணினி வாளா காத்திருக்கும். இனி அவ்வாறு காத்திராமல் தன் கணக்கைத் தொடரலாம். அச்சுப்பொறி வேலையை முடித்ததும் குறுக்கிட்டு அறிவிக்கும். கணினி தன் கணக்கை நிறுத்தி அதனைக் கவனித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரும்.

கேட்டவுடன் டைக்ஸ்ட்ரா அஞ்சினார். குறுக்கீடு எந்த நொடியில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒருநாள் ஒரு குறிப்பிட்ட கட்டளைக்கு இடையே வந்து பிழை நேரலாம். அதே நிரலை மறுநாள் ஓட்டினால் குறுக்கீடு சற்று முன்னோ பின்னோ வரும், பிழை தலைகாட்டாது. மீண்டும் வரவழைக்க முடியாத பிழையை எப்படித் தேடுவது? பலமுறை ஓட்டிப் பார்த்தல் என்ற ஒரே கருவியும் இங்கே பயனற்றுப் போகிறது. அவர் நெடுநாள் உடன்படவில்லை. இதனைக் கையாளும் ஆற்றல் அவருக்கு உண்டு என்று புகழ்ந்துரைத்தே நண்பர்கள் அவரை இசையவைத்தனர்.

இசைந்தவர் நிரல் எழுதத் தொடங்கவில்லை. முதலில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டார். குறுக்கீடு எந்த நொடியில் வந்தாலும், நிறுத்தப்பட்ட கணக்கு ஒன்றுமே நடவாததுபோல் தொடருமா? அதற்கு வேண்டிய எல்லாத் தகவல்களையும் இயந்திரம் சேமித்து மீட்டுத் தருமா? தரும் என்று நிறுவ முயன்றார். இறுதியில் அவர் நிறுவியது அதற்கு நேர்மாறானது: நண்பர்கள் தந்த வடிவமைப்பில் அது இயலவே இயலாது. நண்பர்கள் தங்கள் வடிவமைப்பை மாற்ற வேண்டியதாயிற்று. இயந்திரம் அப்போது தாளில்தான் இருந்தது. கட்டி முடித்து விற்ற பின், எங்கோ ஓர் அலுவலகத்தில் என்றோ ஒருநாள் காரணம் தெரியாமல் வெளிப்பட்டிருக்கக்கூடிய பிழை, ஒரு கம்பிகூட இணைக்கப்படும் முன்பே சிந்தனையால் பிடிபட்டது. டைக்ஸ்ட்ராவின் பிற்கால எழுத்துகள் அனைத்துக்கும் வித்து இந்நிகழ்ச்சியில் இருக்கிறது எனலாம். எக்ஸ்1 கணினிக்காக அவர் செய்த இப்பணியே 1959இல் முனைவர் பட்ட ஆய்வேடாகவும் ஆயிற்று.

1960இல் யாப் சோன்னவெல்ட் என்னும் துணைவருடன் சேர்ந்து, அல்கோல் 60 என்னும் உயர்நிலை மொழியை இயந்திர மொழியாக மாற்றும் தொகுப்பி ஒன்றை எழுதி முடித்தார். அம்மொழிக்கு உலகில் முதன்முதலாக இயங்கிய தொகுப்பி அதுவே. வேலை முடியும்வரை முகம் மழிப்பதில்லை என்று இருவரும் உறுதிபூண்டிருந்தனர். முடிந்ததும் சோன்னவெல்ட் மழித்துக்கொண்டார். டைக்ஸ்ட்ராவின் தாடி கடைசிவரை நிலைத்தது.

அடுக்கடுக்காக ஒரு கட்டடம்

1962இல் ஐந்தோவன் நகரின் தொழில்நுட்பக் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். அங்கே சராசரியாகப் பாதி நேரம் மட்டும் ஒதுக்கக்கூடிய ஆறு பேரைக் கொண்டு எக்ஸ்8 என்னும் கணினிக்கு ஓர் இயக்க முறைமையை உருவாக்கினார். பலருடைய நிரல்களை ஒரே நேரத்தில் இயக்க வேண்டிய முறைமை அது. கல்லூரியின் டச்சுப் பெயர்ச் சுருக்கத்தைக் கொண்டு அது டி.எச்.இ. முறைமை எனப்பட்டது.

பல வேலைகள் ஒரே நேரத்தில் நடக்கும்போது ஒரு கருவிக்கு இருவர் போட்டியிடுவர். இதற்கு அவர் கண்ட தீர்வுக்குத் தொடர்வண்டி நிலையத்துக் கைகாட்டியின் பெயரையே சூட்டினார். ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு வண்டி நுழைந்ததும் கைகாட்டி மற்ற வண்டிகளை நிறுத்துகிறது. அது வெளியேறியதும் அடுத்த வண்டிக்கு வழி கிடைக்கிறது. நினைவகத்தில் உள்ள ஓர் எண் அந்தக் கைகாட்டியின் வேலையைச் செய்யும்படி அவர் அமைத்தார். இன்றைய இயக்க முறைமைகளிலும் செமஃபோர் என்ற பெயரோடு அது இருக்கிறது.

கைகாட்டி இருந்தும் ஓர் இடர் உண்டு. 1965இல் மாணவர்களுக்குத் தேர்வு வினாவாக அவர் அமைத்த சிக்கல் பின்னர் ஐந்து தத்துவ அறிஞர்களின் கதையாகப் பரவியது. வட்டமேசையைச் சுற்றி ஐவர் அமர்ந்திருக்கின்றனர். இருவருக்கு இடையே ஒரு முள்கரண்டி வீதம் ஐந்தே முள்கரண்டிகள். உண்பதற்கு ஒருவருக்கு இரண்டு வேண்டும். ஐவரும் ஒரே நேரத்தில் இடப்பக்கத்து முள்கரண்டியை எடுத்துவிட்டால் வலப்பக்கத்தது எவருக்கும் கிடைக்காது. எடுத்ததை எவரும் கீழே வைக்கவும் மாட்டார். ஐவரும் பட்டினிதான். ஆயிரம் முறை உண்ணும்போது இது நேராமல் போகலாம். நேரவில்லை என்பதால் நேராது என்று சொல்லிவிட முடியுமா?

டி.எச்.இ. முறைமையின் சிறப்பு அதன் அடுக்குகளில் இருந்தது. அடித்தளத்தில் மையச் செயலியை யாருக்கு எப்போது தருவது என்னும் வேலை. அதன்மேல் நினைவகப் பங்கீடு. அதன்மேல் இயக்குநரோடு உரையாடல். அதன்மேல் உள்ளீட்டு, வெளியீட்டுக் கருவிகள். அதற்கும் மேலே பயனர்களின் நிரல்கள். ஓர் அடுக்கு தனக்குக் கீழுள்ளதை நம்பலாம். மேலே உள்ளதைப் பற்றி அதற்குக் கவலையில்லை. அடித்தளம் முழுமையாகச் சோதிக்கப்பட்ட பின்னரே அடுத்த அடுக்கு எழுப்பப்பட்டது.

இதனால் விளைந்த நன்மையை எளிய கணக்கால் காணலாம். ஐந்து அடுக்குகள், ஒவ்வொன்றுக்கும் பத்து நிலைமைகள் என்று கொள்வோம். அனைத்தையும் ஒன்றாகக் கலந்து கட்டியிருந்தால் பத்தைப் பத்தால் ஐந்து முறை பெருக்கி, ஒரு லட்சம் சேர்க்கைகளைச் சோதிக்க வேண்டும். அடுக்கடுக்காகப் பிரித்திருந்தால் அடுக்குக்குப் பத்தாக ஐம்பது போதும். பெருக்கலாக வளர வேண்டியது கூட்டலாகச் சுருங்குகிறது. ஆனால் இந்தச் சுருக்கம் தானாக வராது. அடுக்குகள் உண்மையிலேயே ஒன்றில் ஒன்று தலையிடாதவை என்பதைச் சிந்தித்து நிறுவியவருக்கே அது கிட்டும். சோதனையின்போது வெளிப்பட்டவை எழுத்துப்பிழை போன்ற சிறு தவறுகளே. ஏறத்தாழ 500 கட்டளைகளுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் பத்து நிமிடங்களுக்குள் கண்டறிந்து திருத்த முடிந்தது.

இவற்றை விளக்கி 1968இல் வெளியிட்ட கட்டுரையிலேயே தம் குழு செய்த இரண்டு பெருந்தவறுகளையும் அவர் எழுதியிருக்கிறார். கருவிகள் ஒருபோதும் பழுதாகா என்பதுபோல் நெடுநாள் திட்டமிட்டது ஒன்று. நிரலில் பிழை தேடுவதற்கான வசதிகளை முன்கூட்டியே எண்ணாமல் விட்டது மற்றொன்று. வெற்றியை அறிவிக்கும் கட்டுரையில் தவறுகளையும் எழுதுவது அரிது.

சோதனை சொல்லாதது

அதே 1968ஆம் ஆண்டு மார்ச் மாதம், நிரலுக்குள் நினைத்த இடத்துக்குத் தாவச் செய்யும் கோ டு என்னும் கட்டளையை எதிர்த்து அவர் எழுதிய கடிதம் ஓர் இதழில் வெளிவந்தது. கட்டளைகள் அங்குமிங்கும் தாவினால், நிரலின் ஓர் இடத்தில் நின்று இதுவரை என்ன நடந்திருக்கிறது என்று சொல்லவே முடியாது. சொல்ல முடியாததைச் சரியென்று நிறுவவும் முடியாது என்பது அவர் வாதம். அந்தக் கட்டளை தீங்கானது என்னும் பொருளில் அமைந்த கடுமையான தலைப்பை இட்டவர் அவரல்லர். இதழாசிரியர் நிக்லாஸ் விர்த். எதிர்ப்பு முழுவதும் வந்து சேர்ந்தது டைக்ஸ்ட்ராவிடம்.

அவ்வாண்டு அக்டோபரில் செருமனியின் கார்மிஷ் நகரில் கணினி அறிஞர்கள் கூடினர். பெரிய நிரல்கள் காலம் தவறி வந்தன, செலவு மிகுந்தது, வந்த பின்னும் பிழைகள் மலிந்திருந்தன. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஓஎஸ்/360 என்னும் இயக்க முறைமைக்கு ஒரு கட்டத்தில் ஆயிரம் பேருக்கு மேல் உழைத்தனர். அதற்கும் இதே நிலைதான். ஆட்களைக் கூட்டினால் தீரும் சிக்கல் அன்று இது என்பது அங்கே வெளிப்படையாகப் பேசப்பட்டது.

ஐந்தோவனில் அவருடைய சிறு குழு இதற்குள் கலைந்துவிட்டது. டைக்ஸ்ட்ரா மனச்சோர்வுக்கு ஆளானார். அதற்கு மருந்தாகவே கட்டமைப்பு நிரலாக்கம் பற்றிய குறிப்புகளை எழுதத் தொடங்கினார். சில நண்பர்களுக்கு மட்டும் அனுப்பிய அந்தக் கையேடு படிக்கு மேல் படியாக நகலெடுக்கப்பட்டு உலகெங்கும் பரவியது. ஒரு சோதனை பிழை இருப்பதைக் காட்டலாம். பிழை இல்லை என்பதை அது ஒருபோதும் காட்டாது என்னும் கருத்து அக்காலத்தில்தான் அவரால் நிலைபெற்றது.

ஒரு பெருக்கல் கருவியை எடுத்துக்கொள்வோம். அது 27 இரும இலக்கங்கள் கொண்ட இரண்டு எண்களைப் பெருக்குகிறது. இரண்டை 54 முறை பெருக்கினால் வரும் எண்ணிக்கையில், அதாவது ஒன்றுக்குப் பின் பதினாறு சுழியங்கள் இட்ட எண்ணைவிட மிகுதியாக, வெவ்வேறு பெருக்கல்கள் உண்டு. ஒரு பெருக்கலுக்கு ஒரு நொடியின் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு நேரம் ஆகிறது என்றாலும், எல்லாவற்றையும் செய்து பார்க்கப் பதினோராயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஒரு வாரம் சோதித்தோம், ஒரு மாதம் சோதித்தோம் என்பதெல்லாம் கடலில் ஒரு துளி. கருவியின் உள்ளமைப்பை அறிந்து, இது சரியாகத்தான் பெருக்கும் என்று காரணம் காட்டுவதே வழி.

ஒரு பெரிய நிரலில் ஆயிரம் பகுதிகள் இருக்கட்டும். ஒவ்வொன்றும் சரியாக இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வாய்ப்பு உண்டு என்றே கொள்வோம். முழு நிரலும் சரியாக இருக்கும் வாய்ப்பு லட்சத்தில் நான்கு அளவே தேறும். ஓரளவு சரி என்பது சிறு நிரலுக்குப் போதலாம். பெரிய நிரலில் ஒவ்வொரு பகுதியும் ஐயத்துக்கு இடமின்றிச் சரியாக இருந்தாக வேண்டும்.

1972இல் கணினித் துறையின் மிக உயரிய டூரிங் விருது அவருக்கு வழங்கப்பட்டது. விருதுரையில் அவர் நிரலாளரின் பணிவைப் பற்றிப் பேசினார். மனித மனத்தின் கொள்ளளவு சிறிது. அதனை ஒப்புக்கொண்டு, அந்த அளவுக்குள் அடங்கும்படி நிரலை அமைப்பவரே நல்ல நிரலாளர் என்பது அவ்வுரையின் சாரம். விருது பெறும் மேடையில் தம் அறிவின் எல்லையைப் பேசத் தேர்ந்தது அவருடைய இயல்புக்கு ஏற்றதே.

நிரலும் நிரூபணமும்

1973இல் கல்லூரிப் பணியைப் பெருமளவு குறைத்துக்கொண்டு பரோஸ் என்னும் கணினி நிறுவனத்தின் ஆய்வாளரானார். நூனன் என்னும் சிற்றூரில் இருந்த தம் வீட்டு மேசையே அவர் ஆய்வகம். நிரலை எழுதி முடித்துவிட்டுப் பிறகு நிரூபணம் தேடுவது, வீட்டைக் கட்டிவிட்டு அடித்தளம் தேடுவது போன்றது என்பதை அவர் உணர்ந்திருந்தார். நிரலும் நிரூபணமும் கைகோத்து வளர வேண்டும். வேண்டிய முடிவை முதலில் எழுதிக்கொண்டு, அம்முடிவு கிட்டுவதற்கு இதற்கு முந்திய படியில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று பின்னோக்கிச் செல்லும் முறையை வகுத்தார். 1976இல் வெளிவந்த அவருடைய நூல் இதனை விரிவாக விளக்குகிறது.

மீண்டும் மீண்டும் நிகழும் கட்டளைகளுக்கு மாறாத உண்மை ஒன்றைக் கண்டறிய வேண்டும் என்பது இம்முறையின் உயிர்நாடி. விடைத்தாளின் பக்கங்களைப் புரட்டியபடி மதிப்பெண் கூட்டும் ஆசிரியரை எண்ணிப் பார்க்கலாம். இதுவரை புரட்டிய பக்கங்களின் மதிப்பெண்களே தாளின் ஓரத்தில் கூட்டுத்தொகையாக எழுதப்பட்டுள்ளன என்பது தொடக்கத்தில் உண்மை; அப்போது பக்கமும் இல்லை, தொகையும் சுழியம். ஒரு பக்கத்தைப் புரட்டி அதன் மதிப்பெண்ணைச் சேர்த்த பின்னும் அது உண்மையாகவே இருக்கிறது. கடைசிப் பக்கம் முடிந்ததும் தொகை முழு விடைத்தாளுக்கும் உரியதாகிறது. பத்துப் பக்கமானாலும் பத்தாயிரம் பக்கமானாலும் காரணம் ஒன்றே. ஒருமுறை கூட ஓட்டிப் பார்க்காமலே இந்த நிரல் சரியென்று சொல்லிவிடலாம்.

எல்லாரும் இதனை ஏற்கவில்லை. நிரல்களின் நிரூபணங்கள் நீண்டவை, சலிப்பூட்டுபவை, ஒருவரும் படித்துச் சரிபார்க்க மாட்டார்கள் என்று அமெரிக்க அறிஞர் மூவர் 1979இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதன் முந்தைய வடிவம் வெளிவந்தபோதே டைக்ஸ்ட்ரா மிகக் கடுமையாக மறுத்து எழுதினார். அவருடைய சொற்கள் பல நேரங்களில் தேவைக்கு மேல் சுட்டன. ஆதரவாளராக வந்திருக்கக்கூடிய பலரை அவை விலக்கியும் வைத்தன. எதிர்த்தரப்பின் வாதத்திலும் உண்மை இருந்தது. பெரிய நிரல்களின் நிரூபணத்தை மனிதர் கையால் எழுதி முடிக்க இயலவில்லை. நிரூபணத்தைச் சரிபார்க்கவும் கணினியே துணைவர வேண்டியிருந்தது.

பிழையே நேராமல் காப்பது ஒன்று; நேர்ந்த பின் மீள்வது மற்றொன்று. 1974இல் இரண்டு பக்கமே கொண்ட ஒரு கட்டுரையில், பல கணினிகள் சேர்ந்த ஓர் அமைப்பு எவ்வளவு குழம்பிய நிலையில் விடப்பட்டாலும் யாருடைய உதவியுமின்றித் தானாகவே சரியான நிலைக்குத் திரும்பும்படி அதனை அமைக்கலாம் என்று காட்டினார். ஏறத்தாழப் பத்தாண்டுகள் அக்கட்டுரையை எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

ஆஸ்டின் ஆண்டுகள்

1984இல் அமெரிக்காவின் ஆஸ்டின் நகரில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இந்தியாவில் கல்வி பயின்ற ஜெயதேவ் மிஸ்ரா, சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற மணி சாண்டி ஆகியோர் அங்கே அவருடைய துறையினர். குறிப்பும் படவில்லையும் இன்றிக் கரும்பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதியே வகுப்பு நடத்துவார். ஒரு வாக்கியத்தை முடிக்கும் முன் நெடுநேரம் நின்று யோசிப்பார். இறுதித் தேர்வை ஒவ்வொரு மாணவரையும் தனியே அமர்த்தி வாய்மொழியாக நடத்துவார்.

உலகெங்கும் கணினி பரவிய பின்னரும் அவர் தம் எண்ணங்களை மையூற்றும் எழுதுகோலால் தாளில் எழுதினார். ஒவ்வொரு குறிப்புக்கும் தம் பெயரின் முதலெழுத்துகளான இ.டபிள்யூ.டி. என்பதோடு ஒரு வரிசை எண் இட்டு, நகலெடுத்துச் சிலருக்கு அனுப்புவார். பெற்றவர்கள் தங்கள் நண்பர்களுக்கு அனுப்புவர். இவ்வாறு 1300க்கும் மேற்பட்ட குறிப்புகள் பரவின. அவற்றில் அடித்தல் திருத்தல் மிக அரிது. எழுதத் தொடங்கும் முன்பே வாக்கியம் மனத்தில் முடிந்திருக்கும்.

அவர் ஆஸ்டினில் இருந்த காலத்தில், இருவேறு நிகழ்ச்சிகள் அவருடைய கேள்வியை மீண்டும் உலகின் முன் வைத்தன. 1996ஆம் ஆண்டு சூன் 4ஆம் நாள் ஐரோப்பாவின் ஆரியான் 5 ஏவூர்தி தன் முதல் பயணத்தில் கிளம்பி ஒரு நிமிடம் முடியும் முன்பே வெடித்துச் சிதறியது. முந்தைய ஆரியான் 4 ஏவூர்தியில் நன்கு இயங்கிய நிரல் அப்படியே இதிலும் வைக்கப்பட்டிருந்தது. புதிய ஏவூர்தியின் வேகம் வேறு. 64 இரும இலக்கங்களில் இருந்த ஓர் எண் 16 இலக்க இடத்தில் கொள்ளாமல் போனது. வழிகாட்டும் கருவி செயலிழந்தது. பழைய சோதனைகளும் பழைய வெற்றிகளும் காப்பாற்றவில்லை. எந்த நிபந்தனையில் அந்த நிரல் சரியானது என்பது எழுதப்பட்டு, சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

1998இல் பாரிஸ் நகரில் ஓட்டுநர் இல்லாத சுரங்கத் தொடர்வண்டித் தடம் ஒன்று திறக்கப்பட்டது. 14ஆம் எண் தடமாகிய அதன் பாதுகாப்பு நிரலை, பிரெஞ்சு அறிஞர் ழான் ரேமோன் அப்ரியல் வகுத்த பி முறையில் உருவாக்கினர். முடிவிலிருந்து பின்னோக்கிச் செல்லும் டைக்ஸ்ட்ராவின் கணிதமே அம்முறைக்கு அடிப்படை. நிரல் எழுதும்போதே நிரூபணமும் எழுதப்பட்டது. கணினியின் துணையோடு சரிபார்க்கப்பட்டது. அவ்வாறு நிறுவப்பட்ட பகுதியில், பின்னர் நடந்த சோதனைகள் எவற்றிலும் பிழை காணப்படவில்லை.

1999இல் டைக்ஸ்ட்ரா ஓய்வுபெற்றார். புற்றுநோய் கண்ட நிலையில் 2002ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மனைவியோடு நூனன் ஊருக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஏப்ரல் 14ஆம் நாள் தம் கடைசிக் குறிப்பை எழுதினார். அதன் வரிசை எண் 1318. 1974இல் எழுதிய இரண்டு பக்கக் கட்டுரைக்கு அந்த ஆண்டு ஒரு விருது கிடைத்தது. ஆகஸ்டு 6ஆம் நாள் அவர் மறைந்தார், வயது 72. அடுத்த ஆண்டிலிருந்து அந்த விருதே டைக்ஸ்ட்ரா பரிசு என்று அழைக்கப்படுகிறது.